ஒரு நட்சத்திரம் குறைந்த அட்டவணை

“உங்க கூட்டல் தப்பும்மா!”

தொலைபேசியில் மனு வாத்தியாரின் குரல் வழக்கத்தைவிட உற்சாகமாக இருந்தது. அவர் உற்சாகமாக இருந்தால் மீன்வளத் துறை அலுவலகத்துக்கு அன்றைக்குத் தலைவலி என்று அர்த்தம். மனிதர் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். விடைத்தாள் திருத்தித் தீராத சிவப்பு மையை எல்லாம் ஓய்வுக்குப் பிறகு அரசாங்கத்தின் பக்கம் திருப்பிவிட்டவர். பல் தேய்க்க ஒரு நாள் மறந்தாலும் மறப்பார், தகவல் கேட்டு மனு போட மறக்க மாட்டார்.

“வணக்கம் சார். எந்தக் கூட்டல்?” என்றாள் தகவல் அலுவலர், ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு. அவள் கை இன்னொரு மனுவுக்குப் பதில் தட்டிக்கொண்டிருந்தது.

“போன வாரம் அனுப்பினீங்களே, மீன் பிடிப்பு அட்டவணை, அதுதான். களவா மீன் வரிசையை எடுங்க. கட்டம் கட்டமா இருக்கறதைக் கூட்டினா ஒரு எண் வருது. கடைசியில நீங்க போட்டிருக்கற மொத்தம் வேற எண். நடுவுல நாலு டன்னைக் காணோம். யாரும்மா முழுங்கினது?”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “யாரும் முழுங்கல சார். அந்த வரிசையில ஒரு கட்டத்துல நட்சத்திரம் இருக்கும் பாருங்க. அது ரகசியக் கட்டம். அந்த எண்ணை மட்டும் நாங்க வெளிய…”

பேச்சு பாதியில் நின்றது. தட்டிக்கொண்டிருந்த கையும் நின்றது.

ஒரு கட்டம். ஒரே ஒரு கட்டம்.

மேசை இழுப்பறையிலிருந்து அட்டவணையின் நகலை உருவி எடுத்தாள். களவா வரிசையில் இரண்டு நட்சத்திரங்கள் இருக்க வேண்டும். எத்தனை முறை விரலை ஓட்டினாலும் ஒன்றுதான் இருந்தது.

“என்னம்மா, லைன்ல இருக்கீங்களா? முழுங்கலன்னா சரி, சந்தோஷம். நேத்து சாயங்காலமே என் இணையப் பக்கத்துல அட்டவணையோட போட்டுட்டேன். ‘காணாமல் போன நாலு டன்’னு தலைப்பு. நல்ல வரவேற்பு!”

ரிசீவர் தோளிலிருந்து நழுவி மேசையில் விழுந்தது.

கடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, எந்தக் கட்டத்தில் எந்த மீன் எவ்வளவு பிடிபட்டது என்று அவள் துறை கணக்கு வைக்கிறது. படகுக்காரர்கள் தாங்களாக வாய் திறந்து சொன்னால்தான் அந்தக் கணக்கு. எந்த மீனவன் தன் இடத்தைச் சொல்வான்? பெண்டாட்டி நகையை எந்த அலமாரியில் வைத்திருக்கிறாய் என்று கேட்பது போலத்தான் அது. அதனால் தகவல் சட்டத்திலேயே ஒரு விலக்கு உண்டு. மூன்று படகுகளுக்குக் குறைவாகப் போன கட்டத்தின் எண்ணை, யார் கேட்டாலும் நட்சத்திரம் போட்டு மறைத்துவிடலாம்.

ஆனால் வரிசையில் ஒன்றை மட்டும் மறைத்தால், மொத்தத்திலிருந்து மற்றதை எல்லாம் கழித்து, மறைத்ததைக் கண்டுபிடித்துவிடலாம். ஆகவே பக்கத்திலே இன்னொரு கட்டத்திலும் சும்மா ஒரு நட்சத்திரம் போடுவாள். அதற்குக் காவல் நட்சத்திரம் என்று பேர் வைத்ததே அவள்தான். அலுவலகத்தில் அவளையே ‘நட்சத்திர மேடம்’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

போன மனுவில் இதே வாத்தியார் மேல்முறையீட்டுக்குப் போய், ‘துறை தேவைக்கு மேல் மறைக்கிறது’ என்று அவளுக்கு மேலிடத்தில் குட்டு வாங்கிக் கொடுத்திருந்தார். ரோஷக்காரி. இந்த முறை ஒவ்வொரு கட்டமாகப் படகுகளை எண்ணினாள். மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் நட்சத்திரத்தை எடுத்தாள். காவல் நட்சத்திரம் நின்ற கட்டத்தில் ஐந்து படகுகள் இருந்தன. அதையும் எடுத்தாள். அது எதற்காக அங்கே நின்றது என்பது, சட்டத்தை ஒழுங்காகப் பின்பற்றிய அந்த ஜோரில் மறந்தே போயிற்று. எடுத்துவிட்டு, ‘இனிமே எவனும் குறை சொல்ல முடியாது’ என்று கையை வேறு தட்டிக்கொண்டாள்.

காவல் போனதும் உள்ளே இருப்பது தெரிந்துவிட்டது. சேறுதான், ஒன்றும் கிடைக்காது என்று ஊரே ஒதுக்கிய கட்டத்தில் ஒரு வருஷத்தில் நாலு டன் களவா. சேற்றில் களவா நிற்காது, பாறையில்தான் நிற்கும். இதைப் பார்க்கிற எந்தப் படகோட்டிக்கும், அங்கே யாருக்கும் தெரியாத ஒரு பாறைத் திட்டு இருக்கிறது, அதில் மீன் கும்பலாகக் கூடுகிறது என்று புரிந்துவிடும்.

கூடுவது முட்டையிடத்தான். அதுவும் இந்த அமாவாசைக்கு.

அந்தக் கட்டத்துக்குப் போகிற படகு ஒன்றே ஒன்று. அவளுடைய தம்பியின் படகு.

*

இயக்குநர் அறையில் குளிர்சாதனம் ஓடியது. அப்படியும் அவளுக்கு முதுகு நனைந்தது. இயக்குநர் கண்ணாடியை ஏற்றியும் இறக்கியும் அட்டவணையைப் பார்த்தார்.

“இதுல எந்தக் கட்டம் தப்பு?”

“எதுவும் தப்பு இல்ல சார். தனித்தனியா எல்லாம் விதிப்படிதான் இருக்கு. சேர்த்துப் பார்த்தாதான் மாட்டிக்குது.”

“அப்ப நாம தப்பு பண்ணல!” அவர் முகத்தில் நிம்மதி விளக்குப் போட்டது போல வந்தது.

“தப்பு யாருதுன்னு கேட்க வரல சார். அந்த எடத்தை எப்படிக் காப்பாத்தறதுன்னு கேட்க வந்தேன். பெரிய படகு நாலு போய் வலையைச் சுத்தினா ஒரே நாள்ல வழிச்சு எடுத்துடுவாங்க. முட்டையோட போயிடும். அடுத்த வருஷம் அங்க கூடறதுக்கு மீனே இருக்காது.”

“தவறுதலா அனுப்பிட்டோம், திருப்பிக் குடுங்கன்னு ஒரு கடிதம் போடுங்களேன்.”

“கடிதம் போட்டா அதுவும் அரசாங்கப் பதிவு. நாளைக்கே ஒருத்தர் மனு போட்டு அந்தக் கடிதத்தைக் கேட்டா குடுத்துத்தான் ஆகணும். இந்தக் கட்டத்துல புதையல் இருக்குன்னு நாமே கையெழுத்துப் போட்டுக் குடுத்த மாதிரி ஆயிடும்.”

“சரி, அங்க மீன் பிடிக்கத் தடை போட்டுட்டா?”

“போடலாம் சார். வரைபடத்தோட அறிவிப்பு வரணும், ஆட்சேபம் கேட்கணும், அப்புறம் அரசாணை. அதுக்குள்ள அமாவாசை வந்துட்டுப் போயிடும்.”

இயக்குநர் பேனா மூடியைத் திறந்தார், மூடினார். பிறகு குரலை இறக்கினார். “அந்த வாத்தியார்கிட்ட நேர்ல போங்க. தட்டச்சுப் பிழை, மொத்தத்துல எண் மாறிடுச்சுன்னு சொல்லுங்க. வாயால மட்டும். எழுத்துல ஒண்ணும் வேணாம்.” கொஞ்சம் யோசித்துச் சேர்த்தார். “நான் சொன்னதாவும் வேணாம்.”

*

மனு வாத்தியார் வீட்டில் நாற்காலிகளில் எல்லாம் மனுக்கள் உட்கார்ந்திருந்தன. ஒன்றை எழுப்பிவிட்டு அவளுக்கு இடம் போட்டார்.

“வாங்க, வாங்க! துறையே வீடு தேடி வருதுன்னா நாலு டன் இல்ல, நாப்பது டன்னா இருக்கும் போலிருக்கே!”

“ஒண்ணும் இல்ல சார். தட்டச்சுப் பிழை. மொத்தத்துல ஒரு எண் மாறிடுச்சு. நீங்க கூட்டினீங்களே, அதுதான் சரியான மொத்தம். அந்தப் பதிவை எடுத்துட்டீங்கன்னா…”

“அப்படியா?” வாத்தியார் அட்டவணையை எடுத்துக் கண்ணருகே வைத்துக்கொண்டார். “நான் கூட்டினதே சரின்னா, நட்சத்திரம் போட்ட கட்டத்துல பூஜ்யம்னு ஆகுது. பூஜ்யத்தை மறைக்க எதுக்கும்மா நட்சத்திரம்?”

அவள் பக்கத்து நாற்காலியில் இருந்த மனுக்களைப் பார்த்தாள்.

“காப்பியடிச்சு மாட்டின பசங்க மூஞ்சியை நான் வருஷக்கணக்கா பார்த்திருக்கேன். அச்சு அசலா அப்படி இருக்கு உங்க மூஞ்சி. உங்களைப் பத்தி வேற மாதிரி நினைச்சிருந்தேன். எந்தப் பெரிய முதலாளியோட படகைக் காப்பாத்த ஓடி வந்தீங்க?”

“பெரிய படகா?” அவள் எழுந்தே விட்டாள். “சின்னப் படகு சார். என் கூடப்பிறந்த தம்பியோட படகு!”

பிறகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். இந்தக் கட்டக் கணக்குத் திட்டம் ஆரம்பித்த நாளில் கடற்கரையில் மைக்கைப் பிடித்து, ‘எடத்தைச் சொல்லுங்க, வெளிய போகாது’ என்று அவள் தொண்டை வறளக் கத்தியதும், கூட்டம் கையைக் கட்டிக்கொண்டு சிரித்ததும், அக்கா மானம் போகக்கூடாதென்று தம்பி முதல் ஆளாகக் கை தூக்கியதும். அன்று சாயங்காலம் அவள் தன் தலையில் கை வைத்து, ‘மூணு படகுக்குக் குறைஞ்சா ஒரு எண்கூட வெளிய போகாதுடா’ என்று அவனுக்குச் செய்த சத்தியமும்.

“நாலு டன் எங்கன்னு கேட்டீங்கல்ல? அந்த நட்சத்திரத்துக்குக் கீழதான் சார் இருக்கு. அதைத்தான் ஊர் பூரா பார்க்கற மாதிரி நீங்க போட்டு வச்சிருக்கீங்க. பத்திரமா பூட்டி வச்சிருந்தேன். சாவியை நானே உங்க கையில குடுத்துட்டேன்.”

வாத்தியாருக்குக் கால்குலேட்டர் தேவைப்படவில்லை. உதடு மட்டும் அசைந்தது. கழித்து முடித்ததும் முகத்தில் இருந்த இளக்காரம் துடைத்த பலகை போலக் காணாமல் போயிற்று.

“நான் பெரிய ஆளுங்களைப் பிடிக்கத்தாம்மா இதெல்லாம்…”

“தெரியும் சார். எடுத்துடுங்க. இப்பவே.”

கணினியைத் திறந்து பதிவைக் கண்டுபிடித்தார். அதை அழிக்கும் முன், கீழே வந்திருந்த கருத்துகளை அவள் பார்த்துவிட்டாள். ‘சபாஷ்’, ‘கேளுங்க சார்’, ‘திருட்டுத் துறை’. அதற்குக் கீழே, ஒரு விசைப்படகின் படத்தைத் தன் முகமாக வைத்திருந்த எவனோ எழுதியிருந்தான்: ‘வாத்தியாரே, ஒண்ணும் காணாமல் போகல. நட்சத்திரம் இருக்கிற கட்டத்துல பத்திரமா இருக்கு. கணக்குச் சொல்லிக் குடுத்ததுக்கு நன்றி.’

நேற்று இரவே எழுதியது. அதற்குக் கட்டைவிரல் தூக்கியவர்களில் பாதிப் பேரின் முகங்களும் படகுகள்.

வாத்தியார் அழித்தார். அழித்த இடத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “நான் என்னம்மா பண்ணட்டும்? சொல்லுங்க, என்ன வேணா பண்றேன்.”

அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். என்ன பண்ணலாம் என்று தெரிந்திருந்தால் அவளே பண்ணியிருப்பாள்.

*

துறைமுகத்தில் அன்று சந்தடி இருக்கக்கூடாத நாள். காற்று சரியில்லை என்று பெரிய படகுகளைக் கட்டிப்போட்டிருந்தார்கள். இப்போது பார்த்தால் வழக்கமாக நிற்கிற இடத்தில் இரண்டைக் காணோம். மூன்றாவது படகில் ஐஸ் உடைத்து உள்ளே கொட்டிக்கொண்டிருந்தார்கள். அமாவாசை வரைகூட யாரும் காத்திருக்கப் போவதில்லை.

“என்ன மேடம், இவ்வளவு தூரம்?” ஐஸ்காரன் கோடரியை ஊன்றிக்கொண்டு பல்லைக் காட்டினான். “அந்தச் சேத்துப் பக்கம் உங்க தம்பி படகு மட்டும் ஏன் போகுதுன்னு இப்பத்தான் புரிஞ்சுது. இத்தனை நாளா தனிப் பந்தியில சாப்பிட்டாரே, நாங்களும் இலை போட்டுக்கலாம்ல? எல்லாம் உங்க புண்ணியம்!”

படகு முழுக்கச் சிரித்தது. அவள் காதை அடைத்துக்கொண்டு துறையின் ரோந்துப் படகை நோக்கி ஓடினாள். அதன் ஓட்டுநர் தளத்தில் கால் நீட்டிப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார்.

“வண்டியை எடுங்க அண்ணே. ரெண்டு படகைத் திருப்பணும்.”

“எடுத்துடலாம் மேடம். எந்தச் சட்டத்துல திருப்பறது?”

“முட்டை மீன் அண்ணே. மொத்தமா வாரிடுவாங்க.”

“தடை இருக்கா?”

“இல்ல.”

“லைசென்ஸ் இல்லாத படகா?”

“அதெல்லாம் இருக்கு.”

அவர் பத்திரிகையை மடித்தார். நல்ல மனிதர்தான், முகத்தில் வருத்தம் தெரிந்தது. “அப்ப நான் போய் என்ன சொல்றது மேடம்? கடல் எல்லாருக்கும் பொதுன்னு அவங்க சொன்னா, ஆமாம்னுதான் நான் சொல்லணும்.”

*

தம்பி கரையில் படகைச் சாய்த்துவைத்து எஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்தான். கையெல்லாம் கிரீஸ். தூண்டிலில் வயிறு பெருத்த மீன் வர ஆரம்பித்துவிட்டால் அன்றோடு அந்தப் பக்கம் போவதை நிறுத்திவிடுவான். முட்டையிட்டு முடிகிற வரை எஞ்சின் வேலை, பெயிண்ட் வேலை, பெண்டாட்டியிடம் திட்டு வாங்குகிற வேலை. வருஷா வருஷம் இதுதான் வழக்கம்.

“வாங்க அண்ணி,” என்றாள் தம்பி மனைவி, வலைக் கூடையை நகர்த்திக்கொண்டே. “நல்லா கேளுங்க உங்க தம்பியை. மீன் எல்லாம் பிள்ளைத்தாச்சியா இருக்காம், அதனால ஐயா லீவாம். நான் மாசமா இருந்தப்ப ஒரு நாள் லீவு போட்டிருப்பாரா?”

அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பு அடங்கிவிட்டது.

“என்னக்கா?” என்றான் தம்பி.

சொன்னாள். நின்றுகொண்டே சொன்னாள், உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று தோன்றியது. அவன் ஸ்பேனரைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டான். சுத்தமான பிறகும் துடைத்துக்கொண்டிருந்தான்.

“யார்கிட்ட சொன்ன?”

“யார்கிட்டயும் சொல்லலடா. கழிச்சுப் பார்த்திருக்காங்க.”

“கழிச்சா தெரிஞ்சுடுமா?”

“தெரியாத மாதிரி இன்னொண்ணை மறைச்சு வைப்பேன். இந்தத் தடவை எடுத்துட்டேன்.”

“ஏன்?”

“அதை மறைக்கச் சட்டத்துல எடம் இல்லன்னு எடுத்தேன்.” அவளுக்கே அது எப்படி ஒலித்தது என்று காதில் விழுந்தது. “திட்டுடா. ரெண்டு அறையாவது அறை.”

அவன் திட்டவில்லை. குனிந்து, பிரித்துப்போட்ட எஞ்சினைப் பூட்ட ஆரம்பித்தான். பாதியிலேயே அவன் மனைவி ஓடிப்போய் டீசல் கேனைத் தூக்கிவந்தாள். படகைத் தள்ளும்போது அக்காவும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தோள் கொடுத்தாள், ஏறியும் விட்டாள்.

“நீ எதுக்கு? வாந்தி எடுப்ப.”

“எடுத்துக்கறேன். நீ ஓட்டு.”

எடுத்தாள். இரண்டு முறை. அவன் தன் தலைத்துண்டை அவிழ்த்து முகம் துடைத்துக்கொள்ள நீட்டினான், கடலை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

வெயில் சாய்கிற நேரத்துக்கு அந்தக் கட்டத்துக்குள் நுழைந்தார்கள். வரைபடத்தில் எத்தனையோ முறை அவள் விரல் வைத்த இடம். இப்போதுதான் முதன்முறையாகத் தண்ணீராகப் பார்க்கிறாள். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி கடல். ஆனால் அங்கே முன்னதாகவே இரண்டு பெரிய படகுகள் இருந்தன. ஒன்று, மீன் காட்டும் கருவியைப் போட்டுக்கொண்டு, உழுகிறவன் போல மேலும் கீழுமாகக் கோடு போட்டுத் தேடிக்கொண்டிருந்தது. இன்னொன்றுக்குத் தேடல் முடிந்துவிட்டது. வலையை இறக்கிவிட்டிருந்தது.

தம்பி எழுந்து நின்று, கையைக் குவித்துக் கத்தினான். “ஏய்! முட்டை மீன்டா! அமாவாசை கழியட்டும்டா! அப்புறம் எல்லாரும் வாங்க, எடத்தை நானே காட்டறேன்!”

“அதுவரைக்கும் நீ காவல் இருப்பியா?” என்று மேலேயிருந்து ஒரு குரல் வந்தது. “போடா, உங்கக்காவே கதவைத் திறந்து விட்டுட்டா!”

“அண்ணா, கெஞ்சிக் கேட்கறேன்!” என்றாள் அவள். அலுவலகத்துக் குரலும் இல்லை, மைக் பிடித்த குரலும் இல்லை. காற்று அதைப் பாதி வழியிலேயே பிய்த்துக்கொண்டு போயிற்று. “உங்களுக்கும் அடுத்த வருஷம் வேணும்லண்ணா!”

அடுத்த வருஷம் என்று அவள் சொன்னபோது வலை மேலே ஏறிக்கொண்டிருந்தது. உருண்டு உருண்டு, பழுப்பும் புள்ளியுமாக, வாயைப் பிளந்துகொண்டு பெரிய பெரிய மீன்கள். தளத்தில் விழுந்த வேகத்தில் வயிறு அழுந்தி, மஞ்சளாக முட்டை வழிந்து, படகின் விளிம்பு ஓட்டை வழியாகக் கடலில் கோடாக இறங்கியது.

தம்பி கையை இறக்கிவிட்டு அப்படியே உட்கார்ந்தான். எஞ்சினை நிறுத்தினான். சின்னப் படகு அலையில் சும்மா ஆடியது.

பின்னால் தடதடவென்று சத்தம் கேட்டது. ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்த படகு. பக்கவாட்டில் தண்ணீரை வாரி அடித்துவிட்டு அவர்களைத் தாண்டிப் போய், மற்ற இரண்டோடு சேர்ந்துகொண்டது.

“எண்ணுக்கா,” என்றான் தம்பி.

“என்னடா?”

“படகை எண்ணு. நம்மை விட்டுட்டு.”

“மூணு,” என்றாள்.

“மூணு ஆயிடுச்சுன்னா நட்சத்திரம் போட வேணாம்னுதானே உங்க சட்டம்?”

விதி அதுதான். அடுத்த அட்டவணையில் இந்தக் கட்டத்துக்கு மறைப்பு கிடையாது. எத்தனை டன் என்று கொட்டை எழுத்தில் போடலாம், யார் கேட்டாலும் கொடுக்கலாம், எந்த மேல்முறையீட்டிலும் குட்டு விழாது. அதற்கடுத்த வருஷத்து அட்டவணையில் இந்தக் கட்டத்தில் என்ன எண் வரும் என்பதும் அவளுக்கு இப்போதே தெரிந்திருந்தது. பூஜ்யம். பூஜ்யத்தை மறைக்க நட்சத்திரம் தேவையில்லை.

“ஆமாம்டா,” என்றாள்.

தம்பி தலையை ஆட்டினான். ஈரத் துண்டை அவள் மடியிலிருந்து எடுத்துப் பிழிந்து, அவள் தலையில் போட்டுக் காதோடு இழுத்து முடிந்தான், சின்னப் பிள்ளைக்குச் செய்வது போல. “காத்து ஏறுது. பிடிச்சுக்க.”

எஞ்சின் கயிற்றை இழுத்தான். அவசரத்தில் பூட்டிய எஞ்சின், பிடிக்கவில்லை. திரும்பவும் இழுத்தான். அதற்குள், அடிவானத்தில் நாலாவது படகு ஒன்று தெரிந்தது.